டபள் கெப்பை உயர்த்தப் போகிறீர்களா? ‘லிப்ட் கிட்’ வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருட காலத்தில் எமது வர்த்தகர்கள் பலர் கையில் இருந்த பழைய டபள் கெப்பையும் ஜீப்பையும் வைத்தே காலத்தை ஓட்டினர். புதிது வாங்கலாம் என்ற நிலை வந்த பின்னரும் வரியையும் விலையையும் கேட்டுத் திரும்பி வந்தவர்களே அதிகம். எனவே, இருக்கின்ற வாகனத்தையே திருத்தி, பலப்படுத்தி, இன்னும் சில வருடங்களுக்கு உழைக்க வைப்போம் என்ற எண்ணம் பரவலாகக் காணப்படுவதில் வியப்பில்லை.

இவ்வாறு செய்யப்படும் மாற்றங்களுள் ஒன்றுதான் வாகனத்தை நிலத்திலிருந்து உயர்த்துவது. இதற்கான பொருட்தொகுதியையே ‘லிப்ட் கிட்’ என்கிறார்கள். வயல் ஓரத்துக்கே சென்று நெல் எடுப்பவர், மாணிக்கக் கங்கை வழியே அகழ்வுக் குழிகளுக்குச் செல்பவர், தோட்டப் பாதைகளில் பொருட்கள் விநியோகிப்பவர், யால, வில்பத்து பக்கங்களில் சபாரி ஜீப் ஓட்டுபவர் எனப் பலதரப்பட்டோருக்கும் இதில் ஆர்வம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி கொண்டுவந்த வெள்ளத்தைக் கண்ட பின்னர், “கொஞ்சம் உயரமா இருந்தா நல்லம்” என்று நினைக்காத வாகனச் சொந்தக்காரர் குறைவாகத்தான் இருப்பார்.

ஆனால், இது சீட் கவர் மாற்றுவது போன்ற காரியமல்ல. வாகனத்தின் பிரேக், ஸ்டியரிங், டயர், பாரம் ஏற்றும் திறன், காப்புறுதி அத்தனையையும் தொடுகின்ற மாற்றம். சரியாகச் செய்தால் வியாபாரத்துக்கு உதவும். பிழையாகச் செய்தால் பணமும் போகும், சில வேளை உயிரும் போகும். ஆகவே, பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் சில விடயங்களை அறிந்துகொள்வது நல்லது.

உயர்த்துவது எதற்காக?

வாகனத்தை உயர்த்த வேண்டும் என்று கராஜுக்கு வருபவர்களிடம் காரணத்தைக் கேட்டால், பெரும்பாலானோர் சொல்வது “பின்பக்கம் இருந்திட்டுது நானா” என்பதுதான். உண்மையில் இவர்களுக்குத் தேவை லிப்ட் கிட் அல்ல. பத்து, பதினைந்து வருடம் பாரம் சுமந்த ஸ்பிரிங் தளர்ந்துபோயிருக்கிறது. அதனை மாற்றினாலே வாகனம் தொழிற்சாலையில் இருந்து வந்த உயரத்துக்குத் திரும்பிவிடும். தளர்ந்த ஸ்பிரிங்கின் மேல் கட்டை வைத்து உயர்த்துவது, ஈரமான அத்திவாரத்தின் மேல் இன்னொரு தட்டுக் கட்டுவதற்கு ஒப்பானது.

இதனைக் கண்டுபிடிக்க ஒரு அளவு நாடா போதும். வாகனத்தைச் சமதரையில், பாரம் எதுவுமின்றி நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களிலும் சக்கரத்தின் நடு மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நிலத்திலிருந்து அளக்க வேண்டாம். டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பிவிடும். அதே மாதிரி வாகனம் வைத்திருக்கும் இன்னொருவரின் வாகனத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். பின்பு வழமையாக ஏற்றும் பாரத்தை ஏற்றி மீண்டும் அளவுங்கள். இடமும் வலமும் வித்தியாசமாக இருந்தாலோ, பாரம் ஏற்றியதும் பின்பக்கம் அதன் தடுப்பு றப்பரில் போய் முட்டினாலோ, கோளாறு ஸ்பிரிங்கில் இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். இந்த அளவுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குப் போகும்போது தேவைப்படும்.

உண்மையிலேயே அடிப்பாகம் கல்லில் இடிக்கிறது, பெரிய டயர் போட இடம் வேண்டும் என்பவர்கள் மட்டும் அடுத்த கட்டத்துக்குச் செல்லலாம். “பார்வைக்கு எடுப்பாக இருக்க வேண்டும்” என்பவர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் பணம். ஆனால் அதை வியாபாரச் செலவாக எண்ணக் கூடாது.

உடலை உயர்த்துவதும் ஸ்பிரிங்கை உயர்த்துவதும்

லிப்ட் கிட் என்று விற்கப்படுபவை அடிப்படையில் இரண்டு வகை. முதலாவது, வாகனத்தின் உடலுக்கும் செசிக்கும் இடையே கட்டைகளை வைத்து உடலை மட்டும் உயர்த்துவது. இதில் செசி, எஞ்சின், கியர் பொக்ஸ், எக்ஸல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான். கல்லில் இடிக்கும் பாகம் இடித்துக்கொண்டேதான் இருக்கும். செலவு குறைவு என்பதால் சிலர் இதனைத் தெரிவு செய்கின்றனர். எனினும் ஸ்டியரிங் தண்டு, ரேடியேட்டர் குழாய், கியர் லீவர் போன்றவற்றின் பொருத்தம் மாறிவிடுகிறது. பழைய வாகனங்களில் உடலைத் தாங்கும் இடங்கள் துருப்பிடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். உழைக்கும் வாகனத்துக்கு இதனை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இரண்டாவது, ஸ்பிரிங், ஷொக் அப்சோபர் என்பவற்றை மாற்றி செசியோடு சேர்த்து வாகனத்தை உயர்த்துவது. பெரும்பாலானோர் லிப்ட் கிட் என்று கருதுவது இதைத்தான்.

இங்கு பலரும் அறியாத ஒரு விடயம் உண்டு. குறுக்காக ஒரே எக்ஸல் ஓடும் வாகனங்களில், ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் எக்ஸலின் நடுவில் தொங்கும் டிபரன்ஷியல் ஒரு மில்லிமீற்றர்கூட உயராது. ஏனெனில் அந்த எக்ஸல் நேரடியாகச் சக்கரத்தில்தான் நிற்கிறது. அதை உயர்த்துவதற்கு உள்ள ஒரே வழி டயரைப் பெரிதாக்குவது. அதிலும் டயரின் விட்டம் கூடுவதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும்.

கணக்கைப் பாருங்கள். 265/70 ஆர் 16 அளவு டயரின் விட்டம் சுமார் 777 மில்லிமீற்றர். 265/75 ஆர் 16 போட்டால் அது 804 ஆகும். டிபரன்ஷியல் உயர்வது 13 மில்லிமீற்றர், அதாவது அரை அங்குலம். 285/75 ஆர் 16 போட்டால் விட்டம் 834. உயர்வு 28 மில்லிமீற்றர். இந்தக் கடைசி அளவு டயர் மட்கார்ட்டில் உரசாமல் இருக்க வேண்டுமென்றுதான் ஸ்பிரிங்கை உயர்த்த வேண்டி வருகிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. டயரின் விட்டம் 7 வீதத்துக்கு மேல் கூடிவிட்டதால் வாகனம் 107 கிலோமீற்றர் ஓடும்போது மீற்றரில் 100 என்றுதான் பதிவாகும். கிலோமீற்றர் கணக்கில் வாடகைக்கு விடுபவருக்கு ஒவ்வொரு நூறிலும் ஏழு கிலோமீற்றர் கைநட்டம். எண்ணெய் மாற்றும் தவணையும் அதே அளவு பிந்திப் போகும். கடுகண்ணாவை ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது இழுவையும் அதே விகிதத்தில் குறையும். முன்பு மூன்றாவது கியரில் ஏறியது இப்போது இரண்டாவதைக் கேட்கும். டயர் வாங்குவதென்றால் நான்கு அல்ல, உதிரிச் சக்கரத்தோடு ஐந்து என்பதையும் மறந்துவிடாதீர்கள். நான்கு சக்கரங்களும் இயங்கும் நிலையில் ஓடும்போது ஒரு டயர் மட்டும் சிறிதாக இருந்தால் டிபரன்ஷியலும் டிரான்ஸ்பர் கேஸும் பழுதாகும்.

வாகனத்துக்கு வாகனம் வேறுபடும்

லிப்ட் கிட்டில் “எல்லாவற்றுக்கும் பொருந்தும்” என்று ஒன்று கிடையாது. முதலில் உங்கள் வாகனத்தின் கீழே குனிந்து பார்த்து, முன்னும் பின்னும் என்ன ஸ்பிரிங் இருக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

பெரும்பாலான டபள் கெப்களின் பின்பக்கத்தில் தகடுகள் அடுக்கிய ஸ்பிரிங் இருக்கிறது. இதனை உயர்த்த நான்கு வழிகள் நடைமுறையில் உள்ளன. மிக மலிவானது ஸ்பிரிங்கின் நுனியைத் தாங்கும் ஷெக்கிளை நீளமாக்குவது. இரண்டு அங்குலம் நீளமான ஷெக்கிள் போட்டால் வாகனம் ஒரு அங்குலம்தான் உயரும். எக்ஸலின் கோணம் சாய்ந்து புரொப்பெலர் ஷாப்டின் ஜொயின்ட்டுகள் தேய ஆரம்பிக்கும்; வேகத்தில் ஒரு அதிர்வு வரும். இரண்டாவது, எக்ஸலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே இரும்புக் கட்டை வைப்பது. பின்பக்கத்துக்கு, அளவான உயரத்துக்கு, ஒரே ஒரு கட்டை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கட்டைக்கு மேல் கட்டை அடுக்குவதும், முன் எக்ஸலுக்குக் கட்டை வைப்பதும் மிக ஆபத்தானவை. பிரேக் பிடிக்கும்போது முழுப் பாரமும் முன்னுக்கு வந்து அந்தக் கட்டையை முறுக்கும்.

மூன்றாவது, ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து தகடுகளை வளைத்து, மேலதிகமாக ஒரு தகடு சேர்ப்பது. எமது நாட்டில் நெடுங்காலமாக உள்ள வழக்கம் இது. லொறிக்காரர்களுக்கு நன்கு தெரிந்த வேலை. ஆனால் குளிர்ந்த நிலையில் வளைத்த பழைய தகடு சில மாதங்களில் மீண்டும் இருந்துவிடுகிறது. நெருப்பில் காய்ச்சி வளைத்து, முறைப்படி மீண்டும் பதம் ஏற்றாமல் விட்டால் அந்த உருக்கு ஸ்பிரிங் என்ற தன்மையையே இழந்துவிடும். மேலதிகத் தகடு பாரத்தைத் தாங்கும், ஆனால் வெறுமையாக ஓடும்போது இடுப்பை ஒடிக்கும். நான்காவதும் சிறந்ததுமான வழி, தேவையான உயரத்துக்கும் பாரத்துக்கும் ஏற்பத் தயாரிக்கப்பட்ட முழுப் புதிய ஸ்பிரிங் தொகுதியை, அதற்குரிய புஷ், யூ போல்ட், ஷொக் அப்சோபர் சகிதம் போடுவது.

முன்பக்கம்தான் சிக்கலானது. 1996 முதல் 2006 வரையான தலைமுறை மிட்சுபிஷி எல் 200 போன்ற வாகனங்களில் முன்னால் டோர்ஷன் பார் என்னும் முறுக்குத் தண்டு உள்ளது. இதன் போல்ட்டை முறுக்கினால் முன்பக்கம் உயரும். ஒரு ரூபா பொருள் செலவும் இல்லை. அதனால்தான் “பத்து நிமிஷ வேலை” என்று கராஜ் பாஸ்மார் செய்து கொடுத்துவிடுகின்றனர். உண்மையில் ஸ்பிரிங் பலமாகவில்லை, சக்கரம் கீழே இறங்கும் இடம் மட்டும் குறைந்துவிட்டது. ஒவ்வொரு குழியிலும் “டக்” என்று அடிக்கும். சக்கரத்துக்குச் சக்தி கொண்டுசெல்லும் தண்டின் ஜொயின்ட் கூடிய கோணத்தில் சுற்றுவதால் அதன் றப்பர் உறை கிழிந்து, கிறீஸ் வெளியேறி, மண் உள்ளே போகும். இலவசமாகக் கிடைத்த உயரத்துக்கு ஒரு சிவி ஜொயின்ட் விலை கொடுக்க நேரிடும். சிறிதளவு திருகுவது தளர்ச்சியைச் சரிசெய்யத்தான்.

2005 க்குப் பின் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றில் முன்னால் சுருள் ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இதன் மேல் வைக்கும் ‘ஸ்பேசர்’ எனும் தட்டு மலிவாகக் கிடைக்கிறது. இங்கும் ஒரு கணக்குப் பிழை நடக்கிறது. ஷொக் அப்சோபர் பொருத்தப்பட்டிருப்பது கீழ்க் கையின் நடுப்பகுதியில். எனவே 25 மில்லிமீற்றர் தட்டு வைத்தால் வாகனம் ஏறக்குறைய 50 மில்லிமீற்றர் உயர்ந்துவிடும். இதை அறியாமல் இரண்டு அங்குலம் வேண்டுமென்று இரண்டு அங்குலத் தட்டே வைப்பவர், நான்கு அங்குலத்துக்கு வாகனத்தை உயர்த்தி, போல் ஜொயின்ட்டுகளை அவற்றின் எல்லையில் கொண்டுபோய் நிறுத்துகிறார். தட்டு வைப்பதைவிட, சரியான நீளத்துக்குத் தயாரித்த ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் போடுவதே முறை.

லேண்ட் ரோவர் டிபெண்டர், 1998 க்குப் பின்னரான சுசுகி ஜிம்னி போன்றவற்றில் முன்னும் பின்னும் குறுக்கு எக்ஸல், அதன் மேல் சுருள் ஸ்பிரிங். உயர்த்துவதற்கு மிக இலகுவானவை இவை. ஆயினும் எக்ஸலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் தண்டின் நீளம் மாறாதபடியால், வாகனம் உயர உயர எக்ஸல் ஒரு பக்கமாக நகரும். முன் எக்ஸலின் சாய்வுக் கோணமும் குறைந்து, நேர் பாதையில் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல் அலைய ஆரம்பிக்கும். இதைச் சரிசெய்வதற்கெனத் தனியான புஷ்களும் நீளத்தை மாற்றக்கூடிய தண்டும் உண்டு. “ஜிம்னிக்கு ஸ்பிரிங் மட்டும் போதும்” என்று விற்பவர் பாதிப் பொருளைத்தான் விற்கிறார்.

வியாபாரிக்கு முக்கியம் உயரமல்ல, பாரம்

நல்ல கொம்பனிகள் தயாரிக்கும் கிட்களில், ஒரே வாகனத்துக்கு ஒரே உயரத்தில் பல வகை ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. வெறுமையாக ஓடுபவருக்கு ஒன்று, எப்போதும் 200, 300 கிலோ சுமப்பவருக்கு ஒன்று, அதற்கு மேல் சுமப்பவருக்கு இன்னொன்று. இதில் ‘எப்போதும்’ என்ற சொல்தான் முக்கியம். வாகனத்தில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட கெனபி, இரும்பு பம்பர், மேல் றாக்கை, ஆயுதப் பெட்டி, வின்ச் போன்றவற்றின் எடையே அங்கு கணக்கில் எடுக்கப்படுகிறது.

எமது வியாபாரிகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். காலையில் 800 கிலோ ஏற்றிச் சென்று மாலையில் வெறுமையாகத் திரும்பும் வாகனத்துக்கு எதைப் போடுவது? அதிகபட்சப் பாரத்தை நினைத்து மிகக் கடினமான ஸ்பிரிங்கை வாங்கினால், திரும்பி வரும் பாதி நாளும் வாகனம் குதித்துக்கொண்டே வரும். குதிக்கும் சக்கரம் பாதையைப் பிடிக்காது. மழை நாளில் பிரேக் அடித்தால் பின்பக்கம் வழுக்கும். முட்டை, தக்காளி, கண்ணாடிப் பொருட்கள் கொண்டு செல்பவர் சேதத்தில் தான் சேமித்ததைவிடக் கூடுதலாக இழப்பார். என்னைக் கேட்டால், ஒரு வாரத்தில் எத்தனை நாள் எவ்வளவு பாரம் என்று ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்து, அடிக்கடி வரும் பாரத்துக்கு ஸ்பிரிங்கைத் தெரிவு செய்யுங்கள். எப்போதாவது வரும் பெரிய பாரத்துக்கு, காற்றடித்துக் கூட்டிக் குறைக்கக்கூடிய உதவிப் பைகள் இருக்கின்றன. ஆனால் தகட்டு ஸ்பிரிங்குக்கு மேல் காற்றுப்பை போட்டு, பிறகு அளவுக்கு மீறி ஏற்றினால், முழு எடையும் செசியின் நடுவில் ஒரே இடத்தில் விழும். வழமையில் அது ஸ்பிரிங்கின் இரு நுனிகளுக்கும் பிரிந்து செல்ல வேண்டிய எடை. இவ்வாறு செசி வளைந்த, வெடித்த டபள் கெப்கள் ஆஸ்திரேலியாவில் ஏராளம் பதிவாகியுள்ளன.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். லிப்ட் கிட் போட்டதால் வாகனம் ஏற்றக்கூடிய சட்டபூர்வமான பாரம் ஒரு கிலோகூட கூடுவதில்லை. அது எக்ஸல், பிரேக், செசி, டயர் எல்லாவற்றையும் சேர்த்துத் தயாரிப்பாளர் நிர்ணயித்த எல்லை. பின்பக்கம் இருக்காமல் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து “இன்னும் பத்து மூட்டை போடு” என்று சொல்லும் முதலாளிமார் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

பில்லில் வராத சிறு சாமான்கள்

பாரத்தை உணர்ந்து பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு பழைய டபள் கெப்கள் பலவற்றில் இருக்கிறது. பின் எக்ஸலிலிருந்து ஒரு கம்பி அந்த வால்வுக்குப் போகும். பாரம் ஏறி உடல் தாழ்ந்தால் பின் பிரேக் கூடும், வெறுமையாக உயர்ந்தால் குறையும். நீங்கள் வாகனத்தை இரண்டு அங்குலம் உயர்த்தியதும் அந்த வால்வு, வாகனம் வெறுமை என்று எண்ணிக்கொள்ளும். முழுப் பாரத்தோடு ஹப்புத்தளை இறக்கத்தில் வரும்போதும் பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். முன் பிரேக் சூடேறும். இதைச் சரிசெய்ய ஒரு சிறிய தாங்கித் தகடு போதும். மிக மலிவான பொருள். இருந்தும் அநேகமான இடங்களில் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. கராஜில் முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பிரேக் ஹோஸ் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இழுபடாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஜெக்கில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஷொக் அப்சோபர் பழைய நீளத்திலேயே இருந்தால், புதிய ஸ்பிரிங்கை அது கயிறு போல இழுத்துப் பிடித்து விரைவில் உடைந்துபோகும். கழற்றிய பழைய யூ போல்ட்டை மீண்டும் போடக் கூடாது; ஒரு தடவை இறுக்கி நீண்ட போல்ட் இரண்டாம் தடவை அதே பிடியைத் தராது. வீல் எலைன்மென்ட் கட்டாயம். ஹெட் லைட்டையும் இறக்கிச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் எதிரே வருபவரின் கண்ணில்தான் வெளிச்சம் விழும்.

வெள்ளத்தைக் கருதி உயர்த்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாகனம் எவ்வளவு நீரில் இறங்கலாம் என்பதை எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாயின் உயரமே பெரிதும் தீர்மானிக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் அந்த வாயும் உயரும் என்பது உண்மைதான். ஆனால் எக்ஸல் கீழேயேதான் இருக்கிறது. அதன் மூச்சுக்குழாயை மேலே கொண்டு செல்லாவிட்டால் டிபரன்ஷியல் எண்ணெயோடு தண்ணீர் கலக்கும். ஓடுகின்ற வெள்ளமாயின் உயரம் எதற்கும் உத்தரவாதமில்லை, இறங்காமல் இருப்பதே நல்லது.

சபாரி ஜீப்காரர்களின் கவனத்துக்கு

சபாரி ஜீப்பில் ஆட்கள் அமர்வது ஏற்கனவே உயர்த்தப்பட்ட பின் தட்டில், அதற்கும் மேல் படிப்படியாக அமைத்த ஆசனங்களில். ஆறு பேரின் எடை தலைக்கு மேலே இருக்கிறது என்று சொல்லலாம். இதற்கு மேல் நான்கு அங்குல லிப்ட் என்பது வீண் விளையாட்டு.

கவிழும் ஆபத்தை அளக்க எளிய கணக்கொன்றுண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தின் பாதியை வாகனத்தின் ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 ஆம் ஆண்டு மொடல்களிலிருந்து வாகனங்களைத் தரப்படுத்த இதனைப் பயன்படுத்துகிறது. உதாரணமாக அகலம் 1500 மில்லிமீற்றர், மைய உயரம் 700 என்றால் விடை 1.07. மையம் 50 மில்லிமீற்றர் உயர்ந்தால் 1.00. இன்னும் 50 உயர்ந்தால் 0.94. இலக்கம் குறையக் குறைய, வளைவில் திடீரென ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது வாகனம் வழுக்குவதற்குப் பதிலாகக் கவிழும். காட்டுப் பாதையில் 20 கிலோமீற்றர் வேகத்தில் இது தெரியாது. அதிகாலையில் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு திஸ்ஸமஹாராம பிரதான வீதியில் விரைந்து போகும்போது, குறுக்கே ஒரு எருமை வந்தால்தான் தெரியும்.

சட்டமும் காப்புறுதியும்

எமது நாட்டில் வாகனங்கள் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பதிவிலுள்ள விபரங்களை மாற்றும் அளவுக்கு வாகனத்தின் அமைப்பில் கை வைப்பதானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதே புத்தி. ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபட்டாலும், 50 அல்லது 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் பொறியியலாளரின் சான்று கேட்கும் நடைமுறை இருக்கிறது. அங்கிருந்துதான் நல்ல கிட்களில் பலவும் வருகின்றன. அவை பெரும்பாலும் 40, 50 மில்லிமீற்றர் உயரத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காப்புறுதிக் கொம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். தொலைபேசியில் சொன்னது செல்லாது. முக்கியமான மாற்றமொன்றை மறைத்தது விபத்தின் பின்னர் தெரியவந்தால், நட்டஈட்டை மறுப்பதற்கு அதுவே காரணமாகலாம். சில ஆயிரம் ரூபா மேலதிகக் கட்டணத்துக்குப் பயந்து பல இலட்சம் ரூபா பெறுமதியான வாகனத்தைப் பணயம் வைப்பவரை வியாபாரி என்று சொல்ல முடியாது.

கடையில் என்ன கேட்பது?

ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பீ. கொம்பனி 1975 இல் தொடங்கியது. அதன் ஓல்ட் மேன் ஈமு ஸ்பிரிங்குகள் பிரசித்தமானவை. அயர்ன்மேன், டஃப் டோக் என்பனவும் அந்நாட்டவையே. ஹைலக்ஸ் தயாரிப்பின் பெரிய மையங்களில் ஒன்றான தாய்லாந்திலும் இத்தகைய உதிரிப்பாகத் தொழில் வளர்ந்திருக்கிறது. சீனப் பொருள் எல்லாமே கூடாது என்றோ, ஆஸ்திரேலியப் பெயர் பொறித்ததெல்லாம் அசல் என்றோ முடிவு செய்துவிட வேண்டாம். பிரசித்தமான கிட்டின் நிறத்தைப் பூசி விட்டால் போலியும் அசல் போலத்தான் தெரியும்.

பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் உங்கள் ஊர்க் கடைக்குப் போனாலும், நிறத்தைப் பார்க்காமல் இலக்கத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் ஓர் இலக்கம் இருக்க வேண்டும். அந்த இலக்கத்துக்கு எந்த வாகனம், எவ்வளவு நிரந்தரப் பாரம், எவ்வளவு உயரம் என்று கடைக்காரர் தயாரிப்பாளரின் விபரப் பட்டியலில் காட்ட வேண்டும். காட்ட முடியாதவரிடம் விலை பேச வேண்டிய அவசியமில்லை. அடுத்து, ஒரு புஷ்ஷோ ஒரு ஷொக் அப்சோபரோ பழுதானால் அதை மட்டும் தனியாக வாங்கலாமா என்று கேளுங்கள். அது முடியாதென்றால், ஒரு வருடத்தின் பின் முழுக் கிட்டையும் மீண்டும் வாங்க நேரும். பில்லில் பொருளின் இலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட வேண்டும். பயன்படுத்திய ஷொக் அப்சோபரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

விலையைக் கணக்கிடும்போது கிட்டின் விலையோடு பொருத்தும் கூலி, எலைன்மென்ட், பிரேக் தாங்கி, தேவைப்பட்டால் ஐந்து டயர், வாகனம் கராஜில் நிற்கும் நாட்களின் உழைப்பு அத்தனையையும் கூட்டுங்கள். பிறகு இன்னொரு பக்கத்தில், இந்த உயரம் இல்லாததால் கடந்த ஒரு வருடத்தில் எத்தனை பயணம் தடைப்பட்டது, எத்தனை தடவை சம்ப்பும் சைலன்சரும் அடிபட்டன என்று எழுதுங்கள். இரண்டாவது பக்கம் வெறுமையாக இருந்தால், புதிய ஸ்பிரிங் ஒரு சோடியும் நல்ல ஷொக் அப்சோபர் நான்கும் வாங்கிப் போட்டுவிட்டு மீதிப் பணத்தைச் சரக்கில் போடலாம். வருடத்தின் அரைவாசி நாள் மண் பாதையில் கழிகிறதென்றால், 40 முதல் 50 மில்லிமீற்றர் வரையான முழுக் கிட் ஒன்று அதன் விலையைத் தேடித் தரும். அதற்கு மேற்பட்ட உயரம் உழைக்கும் வாகனத்துக்குத் தேவைப்படுவதை நான் இதுவரை கண்டதில்லை.

பொருத்திய பின் 500 கிலோமீற்றரில் வாகனத்தை மீண்டும் அதே கராஜுக்குக் கொண்டுசென்று எல்லா யூ போல்ட்டுகளையும் இறுக்கிக்கொள்ளுங்கள். இந்தச் சேவை கூலியில் அடங்குமா என்பதை முதல் நாளே பேசிக்கொள்வது நல்லது. முன்னர் எழுதி வைத்த அளவுகளோடு புதிய அளவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய ஸ்பிரிங் தொடக்கத்தில் சிறிது இருப்பது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் இருந்துவிட்டால், உத்தரவாதக் காலம் முடிவதற்கிடையில் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டியதுதான்.